எலித் தோல் உரிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,



பெர்க்லி பல்கலைக்கழக மணிக்கூண்டின் உச்சியில் குடியிருந்த ஆனியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பொரி வல்லூறு. 2017-இல் முதன்முதலாக அங்கே குஞ்சு பொரித்தாள். கூட்டுக்குக் கேமரா வைத்த பிறகு, அவள் இரை ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டே சோறு உண்டு வளர்ந்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. 2022 மார்ச் கடைசியில் அவளுடைய இணை கிரின்னல் பெர்க்லி நகரத்துக்குள் இறந்து கிடந்தபோது ஒருவரிடம் ஒருவர் துக்கம் விசாரித்துக்கொண்டோம். 2025 தொடக்கத்தில் ஆனியும் காணாமல் போனாள்.

அந்தப் பறவைகளுக்கு ஏன் அந்தப் பெயர்கள் என்று மட்டும் நம்மில் யாரும் அதிகம் கேட்டதில்லை. ஆனி மான்டேக் அலெக்ஸாண்டர் என்ற பெண்மணி 1908-இல் அதே வளாகத்தில் முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தை நிறுவினார். ஜோசஃப் கிரின்னல் அதன் முதல் இயக்குநர். இப்போது உங்கள் பிள்ளைகளில் சிலர் பயிற்சிக்குப் போகிறார்களே, ஒரு நாள் எலி, ஒரு நாள் மைனா அளவில் ஏதோ ஒரு பறவை என்று கத்தியும் பஞ்சுமாக உட்கார்ந்துவிட்டு வித்தியாசமான வாடையோடு வீடு திரும்புகிறார்களே, அந்த இடம்தான் அது.

வார இறுதிச் சந்திப்புகளில் உங்கள் புலம்பல் என் காதிலும் விழுகிறது. எலித் தோலை உரிக்கவா பெர்க்லிக்கு அனுப்பினோம்? ப்ரீ-மெட்டுக்கு இது உதவுமா? செத்ததைத் தொட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வருகிறாளே? கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி: இது பாவமில்லையா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஓர் உயிரின் எலும்பையும் தசையையும் கையால் பிரித்து அறிந்த பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குப் போனால் கெட்டுவிடாது. அதற்கு மேல் சேர்க்கைக் கணக்குகள் சொல்லும் தகுதி எனக்கில்லை. அடுப்படிக் கேள்விக்குச் சோப்பு போதும். மற்ற இரண்டுக்கும்தான் இந்த மடல்.

வேலி லைஃப் சயின்சஸ் கட்டடத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் டைரனோசாரஸின் எலும்புக்கூடு வாயைப் பிளந்து நிற்கும். அதன் முன்னால் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அது தொல்லுயிரியல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 1921-இல் அதற்கும் பணம் கொடுத்து உருவாக்கியவர் இதே ஆனி அலெக்ஸாண்டர்தான். நான் சொல்கிற இடம் மூன்றாவது மாடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் உறுமும் புலி, இலை மறைவில் எட்டிப்பார்க்கும் மான் என்று எதையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். இழுப்பறையைத் திறந்தால் எலிகள் குப்புறப் படுத்து, முன்னங்கால்களை நீட்டி, ஒரே திசையில் தலை வைத்திருக்கும். அடுத்ததிலும் எலிகள். அதற்கடுத்ததிலும். பாலூட்டி, பறவை, ஊர்வன, தவளை இனம் எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேல். ஒரே வகை எலி எதற்கு இத்தனை என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனி அலெக்ஸாண்டரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெண் பிள்ளைகளைப் பெற்ற உங்களுக்கு அவரைப் பிடிக்கும்; பயமாகவும் இருக்கும். 1867-இல் ஹோனலுலுவில் பிறந்தவர். ஹவாய்க் கரும்புத் தோட்டங்களில் பெரும் பணம் சேர்த்த குடும்பம். 1904-இல் தந்தையோடு ஆப்பிரிக்கா போனார். விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு அருகே மேலிருந்து உருண்டு வந்த பாறை மோதித் தந்தை இறந்தார். மறு ஆண்டே நெவாடா மலைகளில் கடல் ஊர்வனவற்றின் புதைபடிவங்களைத் தோண்டும் குழுவுக்குப் பணமும் கொடுத்துக் கூடவும் போனார். பகல் முழுக்கப் பாறை உடைத்தார், சமையலிலும் கைகொடுத்தார். அந்தக் காலத்தில் ஆண்கள் நிறைந்த கூடாரத்துக்கு ஒரு பெண் தனியாகப் போனால் ஊர் பேசும். அதற்கு அவர் கண்ட வழி, இன்னொரு பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொள்வது. 1908-இல் அப்படித் துணையாக வந்த லூயிஸ் கெலாக் அதன்பின் ஆனியின் வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்தார். இருவரும் சுய்சன் சதுப்பு நிலத்தில் கிரிஸ்லி தீவில் பண்ணை வைத்து ஆஸ்பராகஸ் பயிரிட்டார்கள். மீதி நேரத்தில் பொறியும் துப்பாக்கியுமாக மேற்கு மாநிலங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான விலங்குகளை அருங்காட்சியகத்துக்குச் சேகரித்தார்கள். தம் எண்பதாவது பிறந்தநாளன்று ஆனி பாஹா கலிஃபோர்னியாவில் செடி சேகரித்துக்கொண்டிருந்தார்.

பணத்தை அவர் சும்மா கொடுத்துவிடவில்லை. இயக்குநர் யார் என்பதை நான்தான் சொல்வேன் என்றார். அவர் பிடித்த ஆள் கிரின்னல். பசடீனாவில், பின்னாளில் கால்டெக் ஆன த்ரூப் நிறுவனத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த முப்பது வயது இளைஞர். 1939-இல் இறக்கும்வரை அவர் அந்த நாற்காலியில் இருந்தார். சூழலியலில் ஓர் உயிரின் வாழ்விடக் கூறு ('நிச்') பற்றி இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் கருத்துக்கு ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று, 1917-இல் ஒரு கலிஃபோர்னியப் பறவையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை. ஆனால் அவருடைய பெரிய சாதனை என்று நான் நினைப்பது நோட்டுப் புத்தகம்.

கிரின்னல் முறை என்று அதற்கே பெயர் வந்துவிட்டது. களத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் மூன்று விதமாக எழுத வேண்டும். நாட்குறிப்பு: எங்கே போனோம், எப்படிப்பட்ட நிலம், வானிலை எப்படி, எத்தனை பொறி வைத்தோம், எத்தனை காலியாக இருந்தது. இரண்டாவது, இனம் வாரியாகத் தனித்தனிப் பக்கங்கள்: பார்த்தது, கேட்டது, தின்றது, ஓடியது. மூன்றாவது, எண்ணிட்ட பட்டியல்: பிடித்த ஒவ்வோர் உயிரின் அளவும் இடமும் நாளும். அழியாத மையில், அன்றன்றே. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. எது முக்கியம் என்று இன்று நமக்குத் தெரியாது, ஆகையால் முக்கியமில்லை என்று தோன்றுவதையும் எழுது என்பது அவர் கட்டளை. 1904-க்கும் 1940-க்கும் இடையில் அவரும் அவர் ஆட்களும் கலிஃபோர்னியாவில் 700-க்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி எழுதிக் குவித்த பக்கங்கள் எழுபதாயிரத்தைத் தாண்டும்.

உங்கள் பிள்ளை அங்கே செய்வதும் இதன் தொடர்ச்சிதான். எலியின் முழு நீளம், வால், பின்னங்கால், காது, எடை என்று அளந்து எழுதுகிறார்கள். வயிற்றில் சிறு கீறல். தோலை உள்சட்டை கழற்றுவதுபோலத் தலை வரை கழற்றுகிறார்கள். ஈரத்தை உறிஞ்ச மாவோ மரத்தூளோ தூவுகிறார்கள். ஈரலிலும் தசையிலும் துளியளவு வெட்டிக் குப்பியிலிட்டு உறைகுளிரில் வைக்கிறார்கள், மரபணுவுக்கு அது. பஞ்சை உருட்டி உடலாக உள்ளே வைத்து, காலுக்கும் வாலுக்கும் கம்பி கொடுத்து, தைத்து, பலகையில் ஊசி குத்திக் காயவைக்கிறார்கள். எலும்புக்கூடு வண்டுகளுக்குப் போகும். டெர்மெஸ்டிட் என்ற வகை வண்டு, காய்ந்த சதையை எலும்பின் நுணுக்கம் கெடாமல் தின்று தீர்த்துவிடும். இந்த வேலைக்கு வண்டை முறைப்படி பயன்படுத்துவது பற்றி 1933-இல் கட்டுரை எழுதிய ஹால், ரஸ்ஸல் இருவரும் இந்த அருங்காட்சியகத்துக்காரர்களே. வண்டு அறையைத் தனியே அடைத்துத்தான் வைக்க வேண்டும். அவை தப்பித்துச் சேகரிப்புக்குள் நுழைந்தால், நூறாண்டுத் தோல்களையும் அதே சுறுசுறுப்போடு தின்றுவிடும். உங்கள் பிள்ளையிடம் வரும் வாடைக்கு முக்கியக் காரணமும் அந்த அறைதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் காலில் ஒரு சீட்டைக் கட்டுகிறார்கள். தோலுக்கும் மண்டையோட்டுக்கும் குப்பிக்கும் ஒரே எண். இந்தச் சீட்டுதான் உயிர்நாடி. ஊரில் மனை வாங்கியவர்கள் நீங்கள். பத்திரம் இல்லாத மனைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடமும் நாளும் எழுதாத எலித் தோல் வெறும் எலித் தோல்.

இத்தனை எலி எதற்கு என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். 1910-இல் கிரின்னல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்தச் சேகரிப்பின் உண்மையான பயன் பல ஆண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டு, கழிந்த பின்னரே தெரியும் என்று சொல்லிவைத்தார். தன் காலத்தில் பயன் தராது என்று தெரிந்தே ஒருவர் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அப்படிச் செய்வோம் என்று யோசிக்கிறேன். பனங்கொட்டை ஊன்றுகிறவர்களைத் தவிர.

2003 வாக்கில் அருங்காட்சியகத்தின் அடுத்த தலைமுறை அந்தப் பழைய நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு யோசெமிட்டிக்குப் போயிற்று. 1914 முதல் 1920 வரை கிரின்னல் குழு மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து சியரா மலையைக் கடந்து மோனோ ஏரி வரை எங்கெல்லாம் பொறி வைத்ததோ, அங்கெல்லாம் மறுபடி பொறி. நாம் டயோகா சாலையில் கார் ஓட்டிப் போய்ப் படம் எடுக்கும் அதே மலை. அந்தப் பூங்காவுக்குள் வீடும் வயலும் பெருகவில்லை. ஆகவே அங்கே கண்ட மாற்றத்துக்கு நிலப் பயன்பாட்டைக் காரணம் காட்ட முடியாது. 2008-இல் வெளியான முடிவு: பார்த்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, தங்கள் எல்லையை மலையில் மேல்நோக்கி நகர்த்தியிருந்தன. சராசரியாக 500 மீட்டர். இடைப்பட்ட காலத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. பின்யான் எலி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே போயிருந்தது. உச்சியில் வாழும் ஆல்பைன் சிப்மங்க் அணிலுக்கு மேலே போக மலை இல்லை; அதன் கீழ் எல்லை மட்டும் ஏறிக்கொண்டே வந்து வாழிடம் சுருங்கிவிட்டது. பழைய தோலிலிருந்து துணுக்கெடுத்து மரபணுவை ஒப்பிட்டபோது அதன் மரபணு வளமும் குறைந்திருப்பது 2012-இல் தெரியவந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் காலிப் பொறிகள். ஓர் இடத்தில் ஓர் எலி கிடைக்கவில்லை என்றால், அது அங்கே இல்லையா, இருந்தும் சிக்கவில்லையா? நூறாண்டுக்கு முந்தைய இடத்தைப் பற்றி இதை யாரிடம் போய்க் கேட்பது? கிரின்னலின் ஆட்கள் ஒவ்வோர் இரவும் எத்தனை பொறி வைத்தார்கள், எதில் என்ன விழுந்தது, எது வெறுமனே கிடந்தது என்று எழுதியிருந்தார்கள். முதல் இரவு சிக்கிய இனம் மறு இரவு சிக்காமல் போன கணக்குகளைக் கொண்டு, ஓர் இனம் இருந்தும் தப்புவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று இன்றைய புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். அதனால்தான் 'இல்லை' என்ற சொல்லுக்கு அந்த ஆய்வில் எடை வந்தது. அந்தக் கணக்கு முறையே கண்டுபிடிக்கப்படாத காலத்தில், குளிரில் விரல் விறைக்க ஒருவர் 'இன்று ஒன்றுமில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்.

எதிர்பாராததும் விழும். 1915-இல் லயல் பள்ளத்தாக்கில் எலிக்கு வைத்த பொறியில் சாலமாண்டர்கள் சிக்கின. குழுவில் இருந்த சார்ல்ஸ் காம்ப் என்ற இளைஞர் மறு ஆண்டு அதைப் புதிய இனமாக விவரித்தார்.

மொஹாவி பாலைவனத்தின் கதை வருத்தமானது. லாஸ் வேகஸ் போகும் வழியில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை என்று நாம் கடந்து போகும் நிலம். கிரின்னல் காலத்தில் பறவைகளைக் கணக்கெடுத்த 61 இடங்களில் மறுபடி பார்த்தபோது, ஓர் இடத்துக்குச் சராசரியாக 43 சதவீத இனங்கள் இல்லை. மழை குறைந்ததும் வெக்கையும்தான் காரணம் என்கிறது 2018-இல் வந்த ஆய்வு. அதே பாலையில் சிறு பாலூட்டிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. பகலில் வளைக்குள், இரவில் வெளியே. வெயிலை அவற்றில் பெரும்பாலானவை பார்ப்பதே இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது பழைய கணக்கு இருந்ததால்.

ஆனிக்கும் கிரின்னலுக்கும், பறவைகளைச் சொல்கிறேன், இந்த மாதிரி அலமாரிகளிடம் நேரடிக் கடன் இருக்கிறது. ஒரு காலத்தில் பறவை முட்டை சேகரிப்பது மேல்நாட்டில் பெரிய பொழுதுபோக்கு. துளையிட்டு ஊதிக் காலியாக்கிய முட்டைகள் பின்னர் அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தன. வல்லூறுகள் ஏன் அழிகின்றன என்று 1960-களில் குழம்பியபோது, பிரிட்டனில் ராட்கிளிஃப், அமெரிக்காவில் ஹிக்கி, ஆண்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள் அந்த ஓடுகளை எடுத்து எடையும் கனமும் பார்த்தார்கள். பல பத்தாண்டுகளாக மாறாமல் இருந்த ஓடு, அமெரிக்காவில் 1947-இலிருந்து சட்டென்று மெலிந்திருந்தது. 19 சதவீதமும் அதற்கு மேலும். டிடிடி மருந்து பரவலாக வந்த நேரம். அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடை தாங்காமலே முட்டைகள் உடைந்திருக்கின்றன. 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. அமெரிக்க அழிநிலைப் பட்டியலிலிருந்து 1999-இல் பொரி வல்லூறு நீங்கியது. அந்த முட்டைகளைச் சேகரித்தவர்களில் முன்னோடிகள் டிடிடி என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க முடியாது. அது பூச்சிக்கொல்லி என்று தெரிந்ததே 1939-இல்.

இன்னொன்று மட்டும். மெக்சிகோ, குவாத்தமாலா மலைகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த சாலமாண்டர்கள் 1970-80-களில் காணாமல் போயின. ஃபார்மலினில் கிடந்த பழைய உடல்களின் தோலைப் பஞ்சால் துடைத்துச் சோதித்து, கொல்லும் பூஞ்சை ஒன்று அங்கே வந்த காலமும் அவை மறைந்த காலமும் ஒன்றே என்று 2011-இல் காட்டினார்கள். பல்லாண்டு இந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த டேவிட் வேக்கும் அந்த ஆய்வில் ஒருவர். அந்தப் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் வைத்ததே 1999-இல்தான்.

இப்போது பாவத்துக்கு வருகிறேன்.

கொன்றுதான் சேகரித்தார்கள். ஆனியும் கொன்றார், கிரின்னலும் கொன்றார். இன்றும் சில வேளை கொல்கிறார்கள்: மாநில அனுமதி, பூங்கா அனுமதி, பல்கலைக்கழக விலங்கு நலக் குழுவின் அனுமதி எல்லாம் பெற்று, அளவாக. இதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்கின்றன, அதோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரன் அதிகம் திருடுகிறான் என்பது நமக்கு நியாயம் ஆகாது. அரிய உயிர்களைச் சேகரிப்பது பற்றி விஞ்ஞானிகளுக்குள்ளேயே 2014-இல் கடும் சண்டை நடந்தது. படமும் ஒலிப்பதிவும் துளி மரபணுவும் போதாதா என்று ஒரு பக்கம் கேட்டது. சில இடங்களில் போதும். ஆனால் ஒரு புகைப்படத்திலிருந்து நாற்பது ஆண்டு கழித்துப் பூஞ்சையைத் துடைத்தெடுக்க முடியாது, முட்டை ஓட்டின் கனத்தை அளக்க முடியாது. என் மனம் நிற்கும் இடம் இதுதான்: ஓர் எலியை வீட்டில் பசைப் பலகை வைத்துக் கொன்று குப்பையில் எறிகிறோம், அதன் பெயரும் நாம் கேட்பதில்லை. அதே எலிக்கு இங்கே ஓர் எண்ணும் இடமும் நாளும் கிடைக்கின்றன. அது பாவத்தைப் போக்குகிறதா என்று தெரியாது. வீணாக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

உங்கள் மகளுக்குக் கொல்ல மனமில்லை என்றால் அவள் அதைச் செய்ய வேண்டியதில்லை. அங்கே வருவதில் ஒரு பகுதி, ஏற்கெனவே இறந்தவை: கண்ணாடி ஜன்னலில் மோதியவை, காரில் அடிபட்டவை, காட்டுயிர் மீட்பு நிலையத்தில் பிழைக்காதவை. உங்கள் வீட்டு ஜன்னலிலும் ஒரு நாள் மோதும். ஆசைப்பட்டு இறகை எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். 1918-இன் வலசைப் பறவைகள் சட்டப்படி, பெரும்பாலான பறவைகளின் இறகு ஒன்றைக்கூட அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். இடத்தையும் நாளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள், 'போன வாரம் எங்கோ பின்பக்கம்' என்றால் அவர்கள் முகம் வாடிவிடும்.

ஏப்ரலில் பெர்க்லியின் திறந்த நாள் வரும். ஆண்டில் பொதுமக்களுக்கு அந்த மூன்றாவது மாடிக் கதவு திறப்பது அநேகமாக அன்று மட்டுமே. டைரனோசாரஸைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் மேலே ஏறுங்கள். பழைய தோல்களைத் தொட வேண்டாம், அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கச் சிலவற்றில் ஆர்சனிக் தடவியிருக்கிறார்கள்.

பிள்ளையிடம் ஒன்று சொல்லிவையுங்கள். பதப்படுத்தியவர் பெயரும் பதிவேட்டில் ஏறும். நம் பெயர்தான் தெரியுமே: ஓரிடத்தில் எஸ். கார்த்திக், அடுத்ததில் கார்த்திக் எஸ்., கடவுச்சீட்டில் கார்த்திக் சுப்பிரமணியன், பள்ளியில் வெறும் கார்த்தி. நூறாண்டு கழித்து அந்த எலியை எடுத்துப் பார்க்கிறவர் நான்கு பேர் வேலை செய்ததாக நினைத்துக்கொள்வார். முதல் நாளே ஏதாவது ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, ஒவ்வொரு சீட்டிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி